மீத்தேன் கசிவைக் கண்டறியும் சேவை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எண்ணெய், எரிவாயு உற்பத்தி நிறுவனம் ஒன்று தன் பசுங்குடில் வாயு உமிழ்வைக் குறைக்க முடிவெடுத்தால், முதலில் அதன் கதவைத் தட்டுபவர்கள் கசிவு கண்டறியும் சேவையை விற்பவர்கள்தாம். அகச்சிவப்புக் கேமராவுடன் வந்து, கிணற்றுத்தலையில் தொடங்கிச் சேமிப்புத் தொட்டி வரை உள்ள வால்வுகள், ஃபிளேஞ்சுகள் (குழாய் முனைகளைப் போல்ட்டால் இணைக்கும் வளையத் தட்டுகள்), குழாய் இணைப்புகள், அளவிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, மீத்தேன் எங்கே கசிகிறது என்பதைப் படமெடுத்து, அடையாள அட்டை கட்டி, பழுதுபார்ப்பு முடிந்தபின் மறுபடியும் வந்து சரிபார்த்துக் கொடுப்பது அவர்களது வேலை. எங்கள் துறையில் இதை, கசிவைக் கண்டறிந்து பழுதுபார்த்தல் என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எல்டார் என்ற பெயரால் குறிப்பிடுவார்கள். நான் பொறியாளராகப் பணிபுரியும் உற்பத்திக் களத்தில், காலாண்டுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் ஓராண்டு ஒப்பந்தமாக இந்தச் சேவையை எடுத்தோம். சேவை நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நிறுவனத்துக்கே உரியவை அல்ல, இந்தச் சேவை விற்கப்படும் முறையிலேயே இருப்பவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உமிழ்வுக் குறைப்புக்காக ஓர் உற்பத்தியாளர் செலவிடும் முதல் பணம் இதற்குத்தான் போக வேண்டும், ஆனால் விற்பனைப் பிரசுரத்தில் உள்ளபடியே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், களத்தின் பெரிய உமிழ்வுகள் தொடப்படாமலே நிற்கும்.

மீத்தேனிலிருந்து ஏன் தொடங்க வேண்டும் என்பதற்கு விளக்கம் எளிது. காற்று மண்டலத்தில் அது ஏறத்தாழ 12 ஆண்டுகளே தங்குகிறது. ஆனால் தங்கும் காலத்தில் அது பிடித்துவைக்கும் வெப்பம் மிக அதிகம். ஒரு டன் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 30 டன் கார்பன் டை ஆக்சைடுக்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 டன்னுக்கு மேலும் ஈடாகிறது. மணிக்கு ஒரு கிலோ மீத்தேன் கசியும் ஒரே ஒரு வால்வை எடுத்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் அதைக் கவனிக்காமல் விடும்போது 8.76 டன் வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் இது 260 டன்னுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு. அந்த வால்வை இறுக்க ஒரு ஸ்பேனரும் கொஞ்ச நேரமும் போதுமானதாக இருக்கலாம். எண்ணெயையும் எரிவாயுவையும் எடுத்து, பதப்படுத்தி, கொண்டுசேர்க்கும் செயல்பாடுகள் மட்டுமே உலகின் எரிசக்தி சார்ந்த பசுங்குடில் வாயு உமிழ்வில் ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்குக் காரணம் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டுள்ளது. அந்தச் செயல்பாடுகளின் உமிழ்வில் மிகப் பெரிய தனிப்பங்கு மீத்தேனுடையது. இன்று கையில் இருக்கும் தொழில்நுட்பங்களைக் கொண்டே அதில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தவிர்க்கலாம் என்பதும் அதே முகமையின் மதிப்பீடு. போதாக்குறைக்கு, கசிவது நாம் விற்கும் சரக்கு. நிதித்துறையினரிடம் ஒப்புதல் பெறும்போது இந்த ஒரு வாதம் மற்ற எல்லா வாதங்களையும்விட விரைவாக வேலை செய்தது.

சேவையின் சிறந்த பகுதி கள ஆய்வுதான், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இவர்கள் கொண்டுவரும் கேமரா சாதாரண வெப்பப்படக் கேமரா இல்லை. மீத்தேன் 3.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுகிறது; அந்தக் குறுகிய பட்டையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி கேமராவில் பொருத்தப்பட்டிருக்கிறது. உணரியை உள்ளிருக்கும் சிறு குளிர்விப்பான் ஏறத்தாழ மைனஸ் 200 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால், இயக்கியவுடன் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதன்பின் கண்ணுக்குத் தெரியாத வாயு திரையில் மெல்லிய புகையைப் போல அலைந்து எழுவது தெரியும். இத்தனை ஆண்டுகள் பக்கத்தில் நடந்துபோன வால்வின் தண்டிலிருந்து அப்படி எழுவதைத் திரையில் பார்த்த எங்கள் ஆபரேட்டர்கள், அடுத்த சுற்றுக்குள் தாங்களாகவே சோப்பு நீர்ப் புட்டியுடன் சுற்றத் தொடங்கினார்கள். எந்தப் பயிற்சி வகுப்பாலும் செய்ய முடியாததை அந்தத் திரை செய்தது.

கேமராவுக்கு ஒரு நிபந்தனை உண்டு: வாயுவுக்கும் அதன் பின்னணிக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்த தொட்டிச் சுவருக்கு முன்னால் தெளிவாகத் தெரியும் கசிவு, அதே வெப்பநிலையில் இருக்கும் தரைக்கு முன்னால் கரைந்துபோகும். காற்று பலமாக வீசினால் வாயு கூடுவதற்குள்ளேயே கலைந்துவிடும். நீராவி திரையில் வந்து குழப்பும். ஆகவே நல்ல ஆய்வாளர் ஒரே இணைப்பை இரண்டு மூன்று கோணங்களிலிருந்து பார்ப்பார், பின்னணியை மாற்றுவார், கேமராவை முக்காலியில் நிறுத்தி நுண்ணுணர்வு நிலைக்கு மாற்றுவார், பிறகுதான் கசிவு இல்லை என்று எழுதுவார். எங்களுக்கு முதல் சுற்றில் வந்தவர் அப்படிப்பட்டவர். கம்ப்ரசர் கூடத்தில் ஒரு பக்கத்தை முடிக்கவே அவர் எடுத்துக்கொண்ட நேரம் எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு எரிச்சலூட்டியது. ஆனால் ஏணி வைத்து ஏறி, சப்ளை குழாயின் பின்புறத்தில் இருந்த திரெட் இணைப்பில் அவர் காட்டிய கசிவு அதுவரை எவருடைய பட்டியலிலும் இல்லாதது.

மூன்றாம் சுற்றுக்கு வந்தவர் வேறொருவர். கேமரா அதேதான், நடை மட்டும் வேகமாக இருந்தது. காற்று வேகமாக வீசிய ஒரு பிற்பகலில் கிணற்றுத்தலைகள் அனைத்தையும் அவர் முடித்துவிட்டார். அறிக்கையில் கசிவுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. மேலதிகாரிகள் மகிழ்ந்தார்கள். பழுதுபார்ப்பின் பலன் எவ்வளவு, பார்வையின் அவசரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த அறிக்கையில் எதுவும் இல்லை. இது என் தனிப்பட்ட சந்தேகம் மட்டும் அல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் மீடெக் சோதனைக் களத்தில், அளவு தெரிந்த கசிவுகளை வேண்டுமென்றே உண்டாக்கி ஆய்வாளர்களை அனுப்பிப் பார்த்தபோது, அனுபவம் மிகுந்தவர்கள் அனுபவம் குறைந்தவர்களைவிட 1.7 மடங்கு கசிவுகளைக் கண்டுபிடித்தார்கள். 2020ஆம் ஆண்டு வெளியான முடிவு அது. அதாவது, ஒரே கருவி, ஒரே நிலையம், ஆள் மட்டும் வேறு. விலைப்பட்டியலில் கேமராவின் மாதிரி எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடும் நிறுவனங்கள், யார் வருவார் என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. நாம் கேட்டு வாங்க வேண்டிய முதல் விவரம் அதுதான்.

ஆய்வுக்குப் பின் வரும் அறிக்கை பார்க்க அழகாக இருக்கிறது: அட்டை எண், இடம், ஒளிப்படம், சிறு காணொளி, பரிந்துரை. இல்லாதது கசிவின் அளவு. இருக்கிறதா, இல்லையா என்பதைக் கேமரா சொல்கிறது. எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்த மொத்த உமிழ்வு எண், கசிந்த உறுப்புகளின் எண்ணிக்கையைப் பொதுவான உமிழ்வுக் காரணிகளால் பெருக்கி வந்தது. ஒரு வால்வுக்கு இவ்வளவு, ஒரு ஃபிளேஞ்சுக்கு இவ்வளவு என்ற இந்தப் பெருக்கல், கசிவுகள் ஓரளவு ஒரே அளவில் இருந்தால்தான் பொருந்தும். உண்மை நிலை வேறு. பல ஆய்வுகளின் அளவீடுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, மிகப் பெரிய 5 விழுக்காடு கசிவுகளே மொத்தக் கசிவளவில் பாதிக்கு மேல் தருகின்றன என்று காட்டியது. எங்கள் அறிக்கையோ, அளவியின் அடியில் மெதுவாகக் கசியும் ஊசி வால்வையும், தொட்டியின் மேல்மூடியிலிருந்து கொட்டும் வாயுவையும் அடுத்தடுத்த வரிகளில், ஒரே முன்னுரிமையுடன் வைத்திருந்தது. பராமரிப்புக் குழு வரிசைப்படி வேலை செய்தது. எளிதானவை முதலில் முடிந்தன, பெரியவை கடைசிக்குப் போயின.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. கசியும் உறுப்பைச் சுற்றி உறிஞ்சி அளக்கும் கையடக்கக் கருவிகள் உள்ளன. பையில் பிடித்து நேரம் பார்க்கும் பழைய முறையும் நன்றாகவே வேலை செய்கிறது. எங்கள் வற்புறுத்தலால் நான்காம் சுற்றில் பெரிதாகத் தெரிந்தவற்றை மட்டும் இப்படி அளந்தார்கள், பட்டியலின் முன்னுரிமை தலைகீழாக மாறிவிட்டது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கீழ் 2020ஆம் ஆண்டு தொடங்கிய ஓஜிஎம்பி 2.0 என்னும் அறிக்கையிடல் கட்டமைப்பில் ஐந்து நிலைகள் உள்ளன. உறுப்பு வாரியாக அளந்து சொல்வது நான்காம் நிலை. அந்தக் கூட்டலை நிலையம் முழுவதற்குமான தனி அளவீட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது ஐந்தாம் நிலை. காரணியால் பெருக்கிக் கொடுக்கும் சேவை இந்த இரண்டுக்கும் கீழேதான் நம்மை நிறுத்துகிறது. ஐரோப்பியச் சந்தைக்கு எரிவாயு விற்க நினைக்கும் எவருக்கும் இந்த வேறுபாடு விரைவில் பண விஷயமாக மாறும்.

பழுதுபார்ப்பைப் பொறுத்தவரை, கண்ட இடத்திலேயே கிளாண்டை (வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பை அழுத்தும் பாகத்தை) இறுக்கி, உடனே கேமராவால் மறுபார்வை பார்த்து அட்டையை அவிழ்க்கும் முறை மிகவும் பாராட்டத்தக்கது. ஆய்வாளருடன் எங்கள் ஃபிட்டர் ஒருவரையும் பெர்மிட்டுடன் அனுப்பியதால் பல கசிவுகள் அன்றைய தினமே முடிந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு மீத்தேன் ஒழுங்குமுறை, முதல் பழுதுபார்ப்பு முயற்சியை உடனடியாக அல்லது 5 நாளுக்குள் தொடங்கி, பொதுவாக 30 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது. ஃபிட்டர் கூடவே போனால் இந்தக் கெடு ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் வருவது ஷட்டவுன் தேவைப்படும் இடங்களில். இணைப்பின் இடைவெளியை அடைக்கும் ஒரு கேஸ்கட்டை மாற்றுவதற்காக நீண்ட குழாய்ப் பகுதியின் அழுத்தத்தை இறக்கி அதிலுள்ள வாயுவைக் காற்றில் விட்டால், அந்தக் கேஸ்கட் பல மாதங்களில் கசியக்கூடியதைவிட அதிகமான மீத்தேன் ஒரே மணி நேரத்தில் போய்விடும். சேவை நிறுவனத்தின் மென்பொருளில் இப்படிப்பட்ட கசிவுகளுக்குத் தாமதம் என்ற ஒரே பெட்டிதான் இருந்தது. வாயுவை முதலில் தாழ் அழுத்தக் குழாய்க்குத் திருப்புவது, நகர்த்தக்கூடிய கம்ப்ரசரால் பக்கத்துக் குழாய்க்குத் தள்ளுவது, அதுவும் முடியாவிட்டால் வாயுவை எரித்துவிடும் கோபுரமான ஃபிளேருக்கு அனுப்புவது என்ற படிகளை எங்கள் குழு தனியே எழுத வேண்டியிருந்தது. கசிவைக் கண்டறிந்து நிறுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் சேவைக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

இனி என் முக்கியமான மனக்குறைக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் கசிவு என்ற சொல்லுக்கு எழுதப்பட்டிருந்த பொருள், மூடியிருக்க வேண்டிய இடத்திலிருந்து எதிர்பாராமல் வெளியேறும் வாயு என்பதாகும். அப்படியானால் வடிவமைப்பின்படியே வாயுவை வெளியேற்றும் கருவிகள் எதுவும் கணக்கில் வராது. எரிவாயு அழுத்தத்தால் இயங்கும் நியூமேட்டிக் கன்ட்ரோலர்கள் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மின்சாரம் இல்லாத கிணற்றடிகளில், எண்ணெய், நீர், வாயு ஆகியவற்றைப் பிரிக்கும் கலனான செப்பரேட்டரின் திரவ மட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகளைத் திறக்கவும் மூடவும் குழாயில் ஓடும் எரிவாயுவையே பயன்படுத்துவது நெடுநாளைய வழக்கம். ஒவ்வொரு முறை இயங்கும்போதும் அவை கொஞ்சம் வாயுவை வெளியே விடும். பழைய வகைகள் இயங்காதபோதும் விட்டுக்கொண்டே இருக்கும். மணிக்கு 6 கன அடிக்கு மேல் விடும் கன்ட்ரோலரைத் துறையில் ஹை பிளீட் என்று வகைப்படுத்துகிறார்கள்; அந்த எல்லையில் நிற்கும் ஒரே ஒரு கருவி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டன் மீத்தேனைக் காற்றில் கலக்கிறது. ஒரு களத்தில் இப்படி எத்தனை இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், கசியும் ஃபிளேஞ்சுகள் சின்ன விஷயமாகிவிடும். கேமரா இவற்றைத் தெளிவாகக் காட்டியது. ஆய்வாளரும் பார்த்தார். பார்த்துவிட்டு, இயல்பான செயல்பாடு என்று குறித்துக்கொண்டு நகர்ந்தார். ஒப்பந்தப்படி அவர் செய்தது சரி.

இந்தக் கன்ட்ரோலர்களுக்கு மாற்று புதிதன்று. மின்சாரம் கிடைக்கும் நிலையங்களில் ஓர் ஏர் கம்ப்ரசரை வைத்து எரிவாயுவுக்குப் பதில் இன்ஸ்ட்ருமென்ட் ஏர் எனப்படும் அழுத்தப்பட்ட காற்றைக் கொடுத்துவிடலாம். கருவிகளையே மாற்ற வேண்டியதில்லை. தொலைவான கிணறுகளுக்குச் சூரிய மின்தகடும் பேட்டரியும் இணைத்த மின்சார இயக்கிகள் கிடைக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2024ஆம் ஆண்டு விதிகள் புதிய நிலையங்களில் பெரும்பாலும் வாயு வெளியேற்றாத கன்ட்ரோலர்களையே கோருகின்றன. பிஸ்டனால் இயங்கும் ரெசிப்ரோகேட்டிங் கம்ப்ரசர்களில் பிஸ்டன் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பான ராட் பேக்கிங்கும் இதே வகையில் சேரும்: புதிதாக இருக்கும்போதே சிறிது விடும், தேயத் தேய அதிகமாக விடும். குறிப்பிட்ட மணி நேரம் ஓடியபின் மாற்று என்ற அட்டவணையை விட்டு, வாயுவை வெளியே விடும் வென்ட் குழாயில் ஓட்டத்தை அளந்து மாற்றும் நேரத்தை முடிவு செய்யும் நடைமுறைக்கு நாங்கள் மாறியது சேவை நிறுவனத்தின் ஆலோசனையால் அல்ல. இருந்தாலும் அவர்களுடைய காணொளி இல்லாமல் அந்த முடிவு எடுக்கப்பட்டிருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தொட்டிகளின் கதை இன்னும் கொஞ்சம் நீளம். தீஃப் ஹாட்ச் என்று களத்தில் அழைக்கப்படும் மேல்மூடி ஒன்றிலிருந்து வாயு வெளியேறுவது இரண்டாம் சுற்றில் தெரிந்தது. அறிக்கையின் பரிந்துரை ஒரே வரி: மூடியின் கேஸ்கட்டை மாற்றவும். மாற்றினோம், மறுபார்வையில் கசிவு இல்லை, அட்டை அவிழ்ந்தது. அடுத்த சுற்றில் அதே மூடியிலிருந்து மறுபடியும் வாயு வந்தது. மறுபடியும் அதே பரிந்துரை. அந்தத் தொட்டிக்குத் திரவம் அனுப்பும் செப்பரேட்டரைக் கவனித்துக்கொள்ளும் ஆபரேட்டர்தான், "அந்த டம்ப் வால்வு முழுசா மூடறதே இல்லை சார், மணல் சேர்ந்து நிக்குது" என்றார். செப்பரேட்டரின் அடியிலுள்ள திரவ வெளியேற்று வால்வு மூடாமல் நின்றால், திரவம் தீர்ந்தபின் உயர் அழுத்த எரிவாயு நேராகத் தொட்டிக்குள் பாயும். தொட்டி தாங்கக்கூடிய அழுத்தம் மிகக் குறைவு என்பதால், மேல்மூடி தன் கடமையைச் செய்து திறந்துகொள்ளும். மூடி பழுதாகவே இல்லை. வால்வைத் திறந்து சுத்தம் செய்து, வால்வு மூடும்போது அடைப்பு பதியும் தேய்ந்த தளத்தை மாற்றியபின் தொட்டி அமைதியானது. இவ்வளவு பெரிய உமிழ்வுக்குக் காரணம் தொட்டியிலிருந்து தள்ளி நிற்கும் ஒரு வால்வு என்பதைக் கேமராவால் காட்ட முடியாது என்பது புரிகிறது. ஆனால் தொட்டியில் வாயு தெரிந்தால் அது வந்த வழியே பின்னோக்கிப் போய்ச் செப்பரேட்டரைப் பார் என்ற ஒரு வரியை ஆய்வுப் படிவத்தில் சேர்ப்பதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. தொட்டி ஆவியை உறிஞ்சி, அழுத்தி, விற்பனைக் குழாய்க்கே அனுப்பும் ஆவி மீட்பு அலகு பொருத்தினால் சாதாரண ஆவியில் 95 விழுக்காடு வரை பிடிக்கலாம் என்பது துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. வால்வு மூடாமல் நின்றால் அந்த அலகும் மூச்சுத் திணறும்.

ஃபிளேர் எங்கள் ஒப்பந்தத்திலேயே இல்லை. பாதுகாப்புக் காரணம் சொல்லி, எரிகோபுரத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவை விலக்கு வட்டமாக எழுதியிருந்தார்கள். அருகே போகக்கூடாது என்பது நியாயம். தொலைவிலிருந்து கேமராவைத் திருப்பக்கூடவா கூடாது? ஃபிளேர் என்பது மீத்தேனைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும் கருவி. அது ஒழுங்காக எரிந்தால்தான் இந்த மாற்றம் நடக்கும். 98 விழுக்காடு அழிகிறது என்று வைத்துக்கொண்டுதான் பெரும்பாலான கணக்குகள் எழுதப்படுகின்றன. 2022ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, அமெரிக்காவின் பெர்மியன், ஈகிள் ஃபோர்டு, பாக்கன் ஆகிய மூன்று படுகைகளில் விமானத்திலிருந்து அளந்து, அணைந்து கிடந்த ஃபிளேர்களையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான அழிப்பு 91.1 விழுக்காடுதான் என்றது. வித்தியாசம் 7 விழுக்காடு என்று தோன்றும். தப்பிக்கும் மீத்தேனின் பக்கமிருந்து பார்த்தால் 2 என்று எழுதியது ஏறத்தாழ 9 ஆகிறது, நான்கு மடங்குக்கு மேல். வாயுவைப் பற்றவைக்க எப்போதும் எரியும் பைலட் சுடர் அணைந்தால் எச்சரிக்கும் உணரி, புகையைக் குறைக்கச் சேர்க்கும் நீராவி அளவுக்கு மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாடு, காற்று வேகமான நாளில் கேமராவால் ஒரு பார்வை ஆகிய மூன்றும் சேர்ந்தாலே பெரும் மாற்றம் வரும். எரிப்பதையே தவிர்ப்பது இதைவிட மேல். உலக வங்கியின் கணக்கில் 2023ஆம் ஆண்டு உலகெங்கும் ஃபிளேரில் எரிக்கப்பட்ட எரிவாயு 148 பில்லியன் கன மீட்டர். எண்ணெயுடன் வரும் வாயுவை நிலத்தடிக்கே திருப்பிச் செலுத்துவது, கிணற்றுக்குள் செலுத்தி எண்ணெயை மேலே தூக்கும் கேஸ் லிஃப்டுக்குப் பயன்படுத்துவது, அங்கேயே மின்சாரம் எடுப்பது என வழிகள் உள்ளன. வழக்கமான எரிப்பை 2030ஆம் ஆண்டுக்குள் நிறுத்தும் முன்முயற்சியை அதே வங்கி 2015ஆம் ஆண்டே தொடங்கியது. இவை எதுவும் ஒரு கேமராச் சேவை விற்கும் பொருள்கள் இல்லை என்பதால், விற்பவர் பேச்சில் அவை வருவதும் இல்லை.

கையில் பிடிக்கும் கேமராவுக்குப் பதில் வேறு சேவைகளை எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பதில் என்பதைவிடக் கூடுதலாக என்பதே சரி. 2017ஆம் ஆண்டு ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் டிரோப்போமி கருவி உலகம் முழுவதையும் நாள்தோறும் பார்க்கிறது, ஆனால் மணிக்குப் பல டன் கொட்டும் பேரிழப்புகளையே அதனால் பிரித்துக் காட்ட முடியும். குறிப்பிட்ட நிலையங்களை உற்றுநோக்கும் வணிகச் செயற்கைக்கோள்கள் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோ அளவுக்கு இறங்குகின்றன. விமானத்தில் பொருத்திய லேசர் கருவிகள் அதற்கும் கீழே, மணிக்குச் சில கிலோ வரை போகின்றன. பெரிய எதிர்பார்ப்புடன் 2024 மார்ச்சில் ஏவப்பட்ட மீத்தேன்சாட் 2025 ஜூனில் தொடர்பை இழந்தது. ஒரே கண்ணை நம்பி ஒரு திட்டத்தைக் கட்டுவது எவ்வளவு இடர் என்பதற்கு அதுவே போதும். நிலையத்தின் எல்லையில் நிறுத்தும் தொடர் கண்காணிப்பு உணரிகளை நாங்கள் தனியே சோதித்துப் பார்த்தோம். இரவில் திறந்துகொண்ட ஒரு வென்டை அவை உடனே காட்டிக்கொடுத்தன. அளவைப் பற்றி அவை சொன்னதை நான் இன்னும் நம்பத் தயாராக இல்லை. ஆண்டுக்கு இரு முறை விமானப் பார்வை, அது காட்டும் இடங்களுக்கு முதலில் கேமரா என்ற ஏற்பாடே பெரிய களங்களுக்குப் பொருந்தும். சிறிய களங்களுக்குக் கேமராவும் நல்ல ஆளும் போதும்.

விற்பனைப் பிரசுரத்தின் அட்டையில் நிகர பூஜ்யம் என்று அச்சிட்டிருந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்ப்ரசர்களையும் மின்னாக்கிகளையும் ஓட்டும் கேஸ் டர்பைன்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை இந்தச் சேவை தொடுவதே இல்லை. அதைக் குறைக்கும் வழிகள் வேறு அளவிலான முதலீடுகள். நார்வேயின் யோஹான் ஸ்வெர்ட்ரப் எண்ணெய்க் களம் கரையிலிருந்து கடலடிக் கேபிள் வழியே வரும் மின்சாரத்தால் இயங்குகிறது; ஒரு பீப்பாய்க்கு ஒரு கிலோவுக்கும் குறைவான கார்பன் டை ஆக்சைடுதான் அங்கே வெளியேறுகிறது என்பது அதை நடத்தும் ஈக்குவினார் நிறுவனத்தின் கணக்கு, உலகச் சராசரி இதைப்போலப் பல மடங்கு. அதே நாட்டின் ஸ்லைப்னர் களத்தில், எரிவாயுவிலிருந்து பிரித்த கார்பன் டை ஆக்சைடை 1996ஆம் ஆண்டிலிருந்து கடலடிப் பாறைக்குள் செலுத்தி வருகிறார்கள். 1991ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட கார்பன் வரி இல்லாமல் அது நடந்திருக்காது. எடுத்த எண்ணெயும் எரிவாயுவும் வாடிக்கையாளரிடம் எரியும்போது வெளியாவது, உற்பத்தியாளரின் சொந்த உமிழ்வைப் போலப் பல மடங்கு. எந்தக் கேமராவும் அந்தப் பக்கம் திரும்பாது. ஆகவே அட்டையில் உள்ள அந்தச் சொற்களைப் புறக்கணித்துவிட்டு உள்ளே இருக்கும் பணியை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், கள ஆய்வுக்கு நான்கு, உடனடிப் பழுதுபார்ப்புக்கு நான்கு, அறிக்கைக்கு இரண்டு, ஒப்பந்தத்தின் எல்லைக்கு ஒன்று என்று கொடுப்பேன். ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறோம், சில வரிகளை மாற்றி. வரும் ஆய்வாளரின் பெயரையும் முன் அனுபவத்தையும் சுற்றுக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். காற்று வேகம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அன்றைய ஆய்வு கணக்கில் சேராது. பெரிதாகத் தெரியும் ஒவ்வொரு வெளியேற்றத்தையும் அளந்து எழுத வேண்டும், பட்டியல் அளவின் வரிசையில் வர வேண்டும். இயல்பான செயல்பாடு என்று விட்டுவிடும் கன்ட்ரோலர்களுக்கும் வென்ட்களுக்கும் தனிப் பட்டியல் வேண்டும், ஏனெனில் அடுத்த ஆண்டு இன்ஸ்ட்ருமென்ட் ஏர் எங்கே முதலில் போக வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறோம். ஃபிளேரை விலக்கு வட்டத்துக்கு வெளியிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் படமெடுக்க வேண்டும். தொட்டியின் மேல்மூடியில் வாயு தெரிந்தால், அதற்குத் திரவம் அனுப்பும் செப்பரேட்டரின் டம்ப் வால்வு நிலைச்சுட்டியையும் படமெடுத்து இணைக்க வேண்டும். இணைக்காத அட்டைக்குப் பணம் கிடையாது. கடைசி நிபந்தனைக்குத்தான் அவர்கள் நெடுநேரம் பேரம் பேசினார்கள், இறுதியில் ஒப்புக்கொண்டார்கள்.